தேனீயின் ரொட்டியும் எங்கள் ரொட்டியும்

தேனீக்கும் ரொட்டி உண்டு. பூக்களில் இருந்து கொண்டு வந்த மகரந்தத்தோடு கொஞ்சம் தேனையும் தன் எச்சிலையும் சேர்த்து, அடையின் சின்னச் சின்ன அறைகளுக்குள் தலையால் முட்டி முட்டி அழுத்தி வைக்கும். கொஞ்ச நாளில் அது, உறை ஊற்றிய பால் மாதிரி, புளித்து வேறொரு பொருளாகிவிடும். கூட்டில் இருக்கிற இளம் தேனீக்கள் இதைச் சாப்பிட்டுத்தான் புழுக்களுக்கு ஊட்டுகிற பாலைச் சுரக்கின்றன. உலகம் முழுக்க இதற்குத் 'தேனீ ரொட்டி' என்றே பெயர்.

இதை வாசித்துக் காட்டியபோது எங்க அம்மாயி சொன்னுச்சு: "பாவம், அதுக்கும் ரொட்டிதானா?"

அம்மாயிக்கு எழுபது நெருங்குது. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பத்தஞ்சு வருசம் கொழுந்தெடுத்த ஆள். போன மழைக்காலத்தில் லயத்துப் படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துச்சு. பெரிய விழுகை ஒன்றும் இல்ல. ஆனா மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. மாவுக்கட்டுப் போட்ட டொக்டர் எங்களிடம் தெளிவாகச் சொன்னார்: "நின்ன உயரத்துல இருந்து விழுந்து எலும்பு முறியுதுன்னா, அது கைப் பிரச்சினை மட்டும் இல்ல. உடம்பு முழுக்க எலும்பு மெலிஞ்சிருக்கும். அடுத்தது இடுப்பு முறிஞ்சா எழும்ப ஏலாமப் போயிரும்."

கொழும்பில் கடையில் நிற்கிற எங்க அண்ணன் இதைக் கேட்டு மனசு உடைஞ்சு, அடுத்த கிழமையே ஒரு டப்பாவை அனுப்பிவிட்டார். உள்ளே புரோபோலிஸ், ராயல் ஜெல்லி, மகரந்தம் சேர்த்த மாத்திரைகள். வெளியே ஒரு தேனீயும் ஒரு எலும்பும் படம். 'எண்ணெய்ச் சாப்பாட்டால வர்ற எலும்புத் தேய்வுக்கு இது நல்லதுன்னு ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க' என்று விற்றவர் சொன்னாராம். விலை, அம்மா ஆறு நாள் முழுப்பேர் போட்டு எடுக்கிற சம்பளம். அம்மாயி டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "தேன்னா தேனாக் குடிக்கணும். என்னாத்துக்கு இதைக் கூட்டுல போட்டு அடைச்சு வச்சிருக்கான்?" என்று கேட்டுச்சு. ஏ.எல்.ல பயோ படிச்ச ஒரே ஆள் நான். அதனால், "நீயே பாத்துச் சொல்லு, குடுக்கலாமா வேணாமா" என்று அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒரு மாதமாக வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடணும்: கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்ல.

எலும்பு என்றால் கல்லு மாதிரி ஒரே இடத்தில் கிடக்கிற சாமான் என்றுதான் பலர் நினைக்கிறோம். அது தேயிலை மலை மாதிரி. நாலைஞ்சு வருசத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம், அதற்குப் பிறகு துளிர்க்கிறது. எலும்பிலும் பழையதை அரித்து எடுக்கிற கலங்கள் இருக்கின்றன, அந்த இடத்தில் புதியதைக் கட்டுகிற கலங்களும் இருக்கின்றன. வெட்டும் துளிரும் சமமாகப் போனால் எலும்பு எலும்பாக இருக்கும். வெட்டு கூடி, துளிர் குறைந்தால் மலை மொட்டையாவது மாதிரி உள்ளே ஓட்டை விழும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இந்த வெட்டு வேகமெடுக்கிறது.

இதில் கொழுப்புச் சாப்பாடு எங்கே வருகிறது? எலும்பு மச்சைக்குள் இருக்கிற ஒரே தாய்க்கலம் எலும்பு கட்டுகிற கலமாகவும் மாறலாம், கொழுப்புக் கலமாகவும் மாறலாம். கொழுப்பு அளவுக்கு மீறினால் நிறையத் தாய்க்கலங்கள் கொழுப்புப் பக்கம் போய்விடுகின்றன. கட்டுகிற ஆள் குறைகிறது. உடம்பில் கொழுப்புச் சேரும்போது உண்டாகிற நாள்பட்ட அழற்சி, அரிக்கிற கலங்களை இன்னும் உசுப்பிவிடுகிறது. குடலுக்குள்ளே கொழுப்பும் கல்சியமும் ஒட்டிச் சவர்க்காரம் மாதிரி ஆகி, கல்சியம் உடம்பில் சேராமல் வெளியே போவதும் உண்டு.

இதையெல்லாம் ஆய்வுகூட எலிகளில் பார்த்திருக்கிறார்கள். சக்தியில் 45 அல்லது 60 சதவீதம் கொழுப்பிலிருந்தே வருகிற மாதிரி தயாரித்த தீனியை அந்த எலிகளுக்குக் கிழமைக் கணக்கில் கொடுப்பார்கள். எலும்பின் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற பகுதி மெலிந்து போனதாகப் பல சோதனைகள் சொல்கின்றன.

தேனீப் பொருட்கள் வருவது இந்த இடத்தில்தான். மரப் பிசினைச் சேகரித்துக் கூட்டின் ஓட்டைகளை அடைக்கத் தேனீ செய்கிற பசைதான் புரோபோலிஸ். ஐரோப்பாவில் பாப்லர் மரத்துப் பிசினிலிருந்து வருகிற புரோபோலிஸில் காஃபிக் அமிலத்தோடு சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. எலும்பை அரிக்கிற கலங்கள் உருவாவதை அது ஆய்வுகூடத்தில் அடக்கியிருக்கிறது. சூலகம் நீக்கிய எலிகளுக்கு, அதாவது மாதவிடாய் நின்ற உடம்பு மாதிரி ஆக்கிய எலிகளுக்கு, ராயல் ஜெல்லி கொடுத்தபோது எலும்பு இழப்புக் குறைந்ததாகவும் சில சோதனைகள் உண்டு. மகரந்தத்திலும் தேனீ ரொட்டியிலும் அழற்சியைத் தணிக்கிற பொருட்கள் இருக்கின்றன. இதெல்லாம் உண்மையான ஆராய்ச்சி, நல்ல கேள்விகள். ஆனா பெரும்பாலும் எலி, இல்லாவிட்டால் கண்ணாடித் தட்டில் வளர்த்த கலம். மனிதர்களை வைத்து, நிறையப் பேரிடம், வருடக் கணக்கில் நடந்த சோதனைகள் மிகக் குறைவு. 'நிரூபிச்சிருக்காங்க' என்ற சொல்லுக்கு இன்னும் ரொம்பத் தூரம் நடக்கணும்.

ஆனா என்னை யோசிக்க வைத்தது வேறொரு விசயம். அந்த எலிகளுக்குக் கொடுத்த தீனியில் கொழுப்பு கூட என்றாலும், கல்சியம், விட்டமின் டி, புரதம் எல்லாம் அளந்து போட்டிருப்பார்கள். கொழுப்பு ஒன்றை மட்டும் மாற்றி என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அதாவது நல்லாக் கட்டின வீட்டைக் கறையான் அரித்தால் என்ன மருந்து என்பதுதான் அங்கே கேள்வி. எங்க அம்மாயி வீட்டைக் கட்டுறதுக்கே யாரும் கல்லுக் கொடுக்கல.

மனிதருக்கு எலும்பு நிறைவது கிட்டத்தட்ட முப்பது வயதோடு முடிகிறது. குறிப்பாகப் பத்திலிருந்து இருபது வயது வரைக்கும் வேகமாகச் சேரும். அதற்குப் பிறகு சேமித்ததை வைத்துத்தான் வாழ்க்கை. அம்மாயிக்கு பதினேழு, பதினெட்டு வயசு இருந்தது 1973, 74ல். உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, இங்கே கூப்பன் அரிசியும் மாவும் வெட்டுப்பட்ட காலம். தோட்டங்களில் பட்டினியால் செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். அந்த வருசத்தைப் பற்றிக் கேட்டால் அம்மாயி நிறையப் பேசாது. "கீரை பறிக்கப் போனா கீரையும் இல்ல. எல்லாரும் பறிச்சிட்டாங்க" என்பதோடு நிறுத்திக்கும். அதற்குப் பிறகு நாலு பிள்ளை பெற்று, நாலுக்கும் பால் கொடுத்து, பிள்ளைக்காம்பராவில் போட்டுவிட்டு மலைக்குப் போயிருக்கு. கர்ப்பத்திலும் தாய்ப்பாலிலும் பிள்ளைக்குப் போகிற கல்சியம் தாயின் உடம்பிலிருந்துதான் போகணும். சாப்பாட்டில் இருந்தால் சாப்பாட்டிலிருந்து போகும், இல்லாவிட்டால் எலும்பிலிருந்து போகும்.

பாரம் தூக்குறது, மேடு ஏறுறது, நடக்குறது எல்லாம் எலும்பைப் பலப்படுத்தும் என்று எந்த வைத்தியப் புத்தகத்திலும் இருக்கும். அப்படிப் பார்த்தால் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி முப்பத்தஞ்சு வருசம் மலை ஏறின பெண்ணின் எலும்பு இரும்பாக இருக்கணும். வேலை 'கட்டு, கட்டு' என்று எலும்புக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும். கட்டுவதற்குச் சாமான் வரல.

அது அந்தக் காலம், இப்போ அப்படி இல்ல என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 2016ல் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டங்களில் மட்டும் 32 சதவீதம். மூன்று பிள்ளைக்கு ஒரு பிள்ளை. 2021ல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. அடுத்த வருசம் மார்ச் மாதம் 400 கிராம் பால்மா பைக்கற் 790 ரூபாவுக்குப் போனது. ஒரு நாள் முழுப்பேரில் முக்கால்வாசிக்கு மேல் ஒரு பைக்கற் பால்மா. அந்த மாதம் எங்க லயத்தில் பால் தேத்தண்ணி ஊற்றின வீடு எனக்கு ஞாபகமில்ல, எல்லா வீட்டிலும் சாயத்தண்ணிதான். அம்பேவெலப் பண்ணை எங்க மாவட்டத்தில்தான் இருக்கு. எங்க லயத்திலேயே மாடு வைத்திருக்கிற மூன்று வீடும் விடியக் காலையில் பாலை சேகரிக்கிற இடத்தில் ஊற்றிவிட்டு வந்து சாயத்தண்ணி குடிக்கும். பால் விற்ற காசில்தான் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கணும். அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, டப்பாவுக்கு வருவோம். தேனில் 100 கிராமுக்கு கல்சியம் வெறும் 6 மில்லிகிராம் அளவுதான். ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் வேணும். அதைத் தேனிலிருந்தே எடுக்கணும் என்றால் பதினாறு, பதினேழு கிலோ தேன் குடிக்கணும். அம்மாயிக்கு இந்தக் கணக்கைச் சொன்னதும் சிரிச்சிருச்சு. "அடியே, அது ஒரு பேருக்கு எடுக்கிற கொழுந்துடி!" அதே 100 கிராம் குரக்கன் மாவில் 350 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கு. ஒரு கோப்பை பாலில் 200க்கு மேல் இருக்கு. மாத்திரை விற்கிறவர்கள் இதற்கு, 'நாங்க கல்சியம் தர்றோம்னு சொல்லல, எலும்பு அரிக்கிறதைத் தடுக்கிறோம்' என்று சொல்லலாம். அது நியாயமான பதில்தான். ஆனா சேமிப்புப் புத்தகத்தில் காசே போடாதவருக்குக் கள்ளனிடமிருந்து காக்கிற பூட்டை விற்று என்ன பிரயோசனம்?

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். எங்க நாட்டில் பெட்டியில் வளர்க்கிற தேனீ ஆசியத் தேனீ, சிங்களத்தில் மீ மெஸ்ஸா. அது புரோபோலிஸ் சேகரிப்பதே இல்ல என்று சொல்லலாம். அந்தப் பழக்கம் மேற்கத்தேயத் தேனீக்குத்தான். எனவே கடையில் 'இயற்கை' என்று விற்கிற புரோபோலிஸ் கடல் தாண்டி வந்தது. எங்க மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்ல. எந்த மரத்துப் பிசின் என்பதைப் பொறுத்து அதன் உள்ளடக்கமும் மாறும். ஐரோப்பியப் புரோபோலிஸில் கண்டதைப் பிரேசில் புரோபோலிஸில் எதிர்பார்க்க முடியாது. டப்பாவில் எந்த நாட்டுப் பசை, எவ்வளவு என்று ஒரு வரி இல்ல.

எங்க மலைக்காரர்களுக்குத் தேனீ அறிமுகமாவது தேனாலும் இல்ல, மாத்திரையாலும் இல்ல. நாங்க 'குளவி' என்று ஒரே பெயரில் சொல்வதில் நிஜமான குளவியும் இருக்கு, உயரமான யூக்கலிப்டஸ் கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்குகிற பெருந்தேனீயும் இருக்கு. சிங்களத்தில் பம்பரா என்பது அதைத்தான். கழுகு தட்டினாலோ, காற்றில் கிளை ஆடினாலோ மொத்தக் கூடும் மலையில் நிற்கிற பெண்கள் மேல் இறங்கும். 'குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில்' என்ற செய்தியை வாசிக்காமல் ஹட்டன், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கம் ஒரு வருசமும் போனதில்ல. உயிர் போனவர்களும் உண்டு. அம்மாயியும் ஒரு தடவை கொட்டு வாங்கி, படங்கால் முகத்தை மூடிக்கொண்டு கான் ஓரமாகப் படுத்துக் கிடந்து தப்பிய ஆள். அதிலிருந்து அதற்குத் தேனீ என்றாலே ஒரு பயம். அந்தத் தேனீயை மாத்திரையாக்கி அனுப்பி வைத்திருக்கிறோம்.

கடைசியில் டப்பாவை கிளினிக்குக்கு எடுத்துப் போய்க் காட்டினோம். அம்மாயிக்குச் சீனி வருத்தமும் இருக்கு, பனிக்காலத்தில் இழுப்பும் வரும். டொக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு, "இழுப்பு உள்ளவங்களுக்கு ராயல் ஜெல்லி வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். தேடிப் பார்த்தேன். அவுஸ்திரேலியாவில் ராயல் ஜெல்லி உள்ள பொருட்களில், ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட்டே ஆகணும். மகரந்தமும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டு வரும். வெறும் தேன் கூட, சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சீனிதான். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கிற பழக்கம் உள்ள வீடுகள் இதைக் கவனிங்க: ஒரு வயசு ஆகும்வரை குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பக்டீரியாவின் விதைகள், பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும்.

அம்மாயிக்கு இப்போ அரசாங்க வைத்தியசாலையில் கொடுத்த கல்சியம் மாத்திரையும் விட்டமின் டியும் போகுது. படியில் அண்ணன் ஒரு கைபிடிக் கம்பி போட்டுவிட்டார். டப்பாவுக்குக் கொடுத்த காசை விட அதற்கு முடிந்தது குறைவு.

எல்லாம் சரி, இந்தக் கொழுப்புத் தீனி எலியின் கதை அப்போ யாருடைய கதை? வாசிக்க வாசிக்க எனக்குத் தெரிந்த முகங்கள் ஞாபகம் வந்தன. அம்மாயியின் தட்டில் கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்தது, எண்ணெய் இருந்ததில்ல. ஹட்டன் டவுனில் ரியூசன் விட்டு இறங்கினால் ரோல்ஸ், பட்டிஸ், பராட்டா, கொத்து. கையில் ஒரு சோடாப் போத்தல். கொழும்பில் வேலைக்குப் போனவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடே ஃபிரைட் ரைஸ். அந்த எலி யாரோ இல்ல, நானும் நீங்களும்தான். ஒரு வித்தியாசம் என்னவென்றால், எலிக்குக் கல்சியமாவது அளந்து போட்டார்கள். நமக்கு அம்மாயி காலத்துக் குறையும் இருக்கு, இந்தக் காலத்துக் கொழுப்பும் சேர்ந்திருக்கு. ரெண்டு பக்கமும் இடி.

ஆனா நமக்கு ஒன்று கையில் இருக்கு: வயசு. இதை வாசிக்கிறவர்களில் நிறையப் பேருக்கு இன்னும் முப்பது ஆகல. சேமிப்புப் புத்தகம் மூடல. காசு நிறையத் தேவைப்படாத வழிகளும் இருக்கு. கோதுமை மாவோடு பாதி குரக்கன் மாவு சேர்த்து ரொட்டி சுடலாம், முதல் ரெண்டு நாள் தொண்டையில் இறங்காது, பிறகு பழகும். நெத்தலியை முள்ளோடு சாப்பிடணும், கல்சியம் அந்த முள்ளில்தான் இருக்கு. லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு மண்ணில் கீரை போடலாம். முட்டை, பருப்பு இருந்தால் நல்லது. வெயில் வருகிற நாளில் கொஞ்ச நேரம் வெளியே நிற்கணும். ரோல்ஸைக் கிழமைக்கு ஒருநாள் ஆக்கினால் மிஞ்சுகிற காசுக்கு ஒரு போத்தல் பால் வரும். வீட்டில் கர்ப்பிணி அக்கா, அண்ணி இருந்தால் கிளினிக்கில் சும்மா கொடுக்கிற கல்சியம் வில்லையையும் திரிபோஷாவையும் அவங்களே சாப்பிடுறாங்களா என்று பாருங்க. எங்க வீட்டில் திரிபோஷா உருண்டை பிள்ளைகள் வாய்க்கும் மாமா வாய்க்கும் போய்க்கொண்டிருந்தது.

இதில் எல்லாவற்றையும் தனி ஆள் தட்டில் தீர்க்க முடியாது என்பதும் தெரியும். முழுப்பேர் போட்ட கையில் பால் வாங்கக் காசு மிஞ்சணும். அது சம்பளப் பேச்சு, அதைத் தனியாக எழுதணும்.

தேனீயைப் பற்றியும் கடைசியாக ஒன்று. அதன் மேல் எனக்குக் கோபம் இல்ல, இப்போ மரியாதை கூடிப்போச்சு. கொழுந்தெடுக்கிற தேயிலை பெரிதாகப் பூக்காது. மலை முழுக்கப் பச்சையாக இருந்தாலும் தேனீக்கு அதில் சாப்பாடு கிடையாது. மருந்தடித்துக் களைப்பூவும் போய்விட்டால் அது ஓரத்து மரங்களையும் எங்க வீட்டுத் தோட்டத்தையும் நம்பித்தான் பிழைக்கணும். ஆசியத் தேனீப் பெட்டி ஒன்றை வைக்க நிலம் தேவையில்ல, வீட்டு ஓரத்தில் ஒரு கால் நடுகிற இடம் போதும். ஏழு பேர்ச் காணிக்கே தலைமுறையாகக் காத்துக்கிடக்கிற எங்களுக்கு இது சின்ன விசயம் இல்ல. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கு. எங்க தோட்டத்துப் பொடியன்கள் நாலு பேரும் நானும் போய்ப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதில் தேன் வந்தால் விற்போம். விற்ற காசில் என்ன வாங்குவது என்று அம்மாயி இப்பவே சொல்லிருச்சு: வீட்டுக்கு ஒரு கறவை மாடு, பால் ஊத்துறதுக்கு இல்ல, குடிக்கிறதுக்கு.